முடிவுக்கு முன் எழுந்தவர்

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கலினா ஏணி கேட்டு வந்து நின்றாள்.

சர்ச்சுக்குப் போட்டுப்போன கோட்டைக்கூடக் கழற்றாமல், அடுப்பருகே நின்றபடி வெண்ணெயில் பெரோகிக் கொழுக்கட்டை வதக்கிக்கொண்டிருந்தார் ஓரெஸ்ட். தங்கை மகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. தங்கை டாரியா அவரோடு பேச்சை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த வீட்டிலிருந்து ஓர் ஆளாவது வாசல் ஏறியதே பெரிய விஷயம்.

"வா, வா. பெரோகி சாப்பிடறியா?"

"வேண்டாம் மாமா. உங்க நீள ஏணியை எடுத்துட்டுப் போக வந்தேன்."

"ஏணி எதுக்கு?"

"ராத்திரிக்குள்ள தியேட்டர் முகப்புல இருக்கிற எழுத்தையெல்லாம் கழட்டணும். நாளைக்குக் கட்டடத்தை வாங்கப்போற விதைக் கம்பெனிக்காரங்க அளவெடுக்க வராங்க."

ஓரெஸ்டின் கையிலிருந்த கரண்டி நின்றது.

"அதுக்குள்ள என்ன அவசரம்? இன்னிக்கு மத்தியானக் காட்சிக்கு நூறு பேர் வந்தா கட்டடத்தை விக்கமாட்டோம்னுதானே ஊர்க் கமிட்டி சொல்லிச்சு?"

"நூறு பேரா?" கலினா சிரித்தாள். அதில் சந்தோஷம் இல்லை. "நீங்க சொன்னதுக்கப்புறம் இந்த ஊர்ல எவன் மாமா வருவான்?"

போன வாரம் கமிட்டிக் கூட்டத்தில் டாரியா கெஞ்சி வாங்கியது இந்த ஒரே ஒரு வாய்ப்பைத்தான். டோலினாவில் இருப்பதே எண்ணூறு பேர், ஒரே ஒரு தியேட்டர். ஊருக்குச் சொந்தமான அந்த அரோராவை இருபத்திரண்டு வருஷமாகச் சம்பளமில்லாமல் நடத்தி வருகிறவள் அவள். குளிர்காலத்தில் வாரம் ஒரு காட்சி, ஞாயிறு இரண்டு மணிக்கு. அந்த ஒரு காட்சிக்கும் இந்த வருஷம் கூட்டமில்லை.

கூட்டம் ஏன் இல்லை என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. கூட்டுறவுக் கடையில் தினம் காலை ஒன்பதரைக்குக் கூடும் காபி மேசையைக் கேட்டால் போதும். அந்த மேசையில் சினிமாவுக்குத் தீர்ப்பு சொல்கிறவர் நம் ஓரெஸ்ட்தான்.

அவருடைய மதிப்பெண் முறை ஊர் முழுக்கப் பிரசித்தம். அறுபத்தேழு வயசு உடம்பு. படம் நன்றாக இருந்தால் கழிப்பறைக்குப் போகத் தோன்றாது. சுமார் என்றால் ஒரு தடவை எழுந்திருப்பார். மோசம் என்றால் இரண்டு தடவை. "எத்தனை தடவை எழுந்தே?" என்று மேசை கேட்கும். ஓரெஸ்ட் விரலைக் காட்டுவார். மேசை சிரிக்கும். அன்று சாயங்காலத்துக்குள் அந்த விரல் ஊரெல்லாம் போய்விடும்.

புதுப் படம் அரோராவுக்கு வர நாலைந்து வாரம் ஆகும். அதுவரை பொறுக்க ஓரெஸ்டுக்கு மனமில்லை. வெள்ளிக்கிழமை தோறும் நூற்றுப்பத்து கிலோமீட்டர் வண்டி ஓட்டி யார்க்டனுக்குப் போய், மத்தியானக் காட்சியை முதல் ஆளாகப் பார்த்துவிட்டு வருவார். சனிக்கிழமை காலை தீர்ப்பு. இந்தக் குளிர்காலத்தில் மட்டும் ஒன்பது படத்துக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஆவி வேட்டைப் படம், "பேய்க்கே தூக்கம் வந்துடுச்சு." விண்வெளிப் படம், "இதுக்கு நம்ம ஊர் நெடுஞ்சாலையே மேல். அதுவும் இருட்டு, அதுலயும் ஒண்ணும் நடக்காது." கல்யாணப் படம், "வீட்டு டிவிக்கே வரும், பெட்ரோலை மிச்சம் பண்ணுங்க."

அப்படித்தான் மூன்று வாரத்துக்கு முன், 'தேன் வராத வருஷம்' என்ற சின்னப் படத்துக்கு அவர் இரண்டு விரல் காட்டினார். தேனீ வளர்க்கும் ஒருத்தியின் கதை. "மெதுவா ஊருது. முடிவுல ஒண்ணுமே இல்லை," என்றார்.

டாரியா ஆறு மாதம் அலைந்து அரோராவுக்கு வாங்கி வைத்திருந்த படம் அது. பேச்சு நின்றது அன்றைக்குத்தான்.

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னுதானே சொல்லணும்?" ஓரெஸ்ட் பெரோகியைப் புரட்டினார். "தங்கச்சி தியேட்டர்ல வருதுங்கறதுக்காகப் பொய் சொல்ல முடியுமா?"

கலினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா கேக்கமாட்டாங்க. நான் கேக்கறேன். அந்த முடிவைப் பார்த்துட்டு எப்படி மாமா 'ஒண்ணுமே இல்லை'ன்னு உங்களால சொல்ல முடிஞ்சுது? நீங்க, அதுவும் நீங்க?"

"அதுல என்ன இருக்கு? அவ தேனீப் பெட்டியெல்லாம் வித்துட்டு கேட்டைப் பூட்டறா."

"சரி, அப்புறம்?"

"அப்புறம் என்ன? பேர் ஓடும்."

கலினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரோகி ஒரு பக்கம் கருகும் வாசனை வந்தது.

"மாமா, அந்தப் படம் யார்க்டன்ல நாலு மணி அஞ்சு நிமிஷத்துக்கு முடியுது. நீங்க எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

ஓரெஸ்ட் அடுப்பை அணைத்தார். தட்டு தேடினார். தட்டு கண்ணெதிரேதான் இருந்தது.

"மான் குறுக்கே வரும், கலினா. குளிர்காலத்துல அஞ்சு மணிக்கே மங்கிடுது. ஒரு கால்மணி நேரம் முன்னால கிளம்பினாத்தான்..."

"எல்லாப் படத்துக்குமா?"

ஓரெஸ்ட் கருகிய பெரோகியைத் தட்டில் போட்டார்.

இருட்டில் வண்டி ஓட்டுவது எப்போதும் ஸ்டெஃபாவின் வேலை. மனைவி இறந்து நாலு வருஷமாகிறது. எதிர் விளக்கு பட்டால் கண் கூசி, சாலையே தெரியாமல் போகிறது என்பதை அவர் டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் லைசென்ஸ் போய்விடும். காபி மேசைக்குத் தெரிந்தால் மானமே போய்விடும். அதனால் நவம்பரிலிருந்து ஒவ்வொரு படத்திலும் கடைசி இருபது நிமிஷத்தை விட்டுவிட்டு எழுந்து வந்தார். முடிவை மட்டும் இவரே உத்தேசமாகப் போட்டுக்கொள்வார். சினிமா முடிவுதானே, பெரிதாக என்ன இருந்துவிடப் போகிறது என்ற மெத்தனம்.

கலினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகையா கோபமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"நீங்க பாக்கவே இல்லை. நாங்க இங்க மூணு வாரமா... ஐயோ மாமா!"

"என்னடி? என்ன இருக்கு அதுல?"

"நான் சொல்லமாட்டேன். ரெண்டு மணிக்கு வாங்க. எல்லாரையும் மாதிரி டிக்கெட் வாங்கிட்டு உள்ள வாங்க. கடைசி வரைக்கும் உட்காருங்க."

அவள் ஏணியை எடுக்காமலே போய்விட்டாள்.

* * *

அரோராவின் வாசலில் ஓரெஸ்ட் கால் வைத்தே நாலு வருஷமாகியிருந்தது.

ஸ்டெஃபா இருந்தவரை சனிக்கிழமை ராத்திரி என்றால் அரோராதான். நாலாவது வரிசையில் ஓரத்து இரண்டு நாற்காலி. அவள் படம் முழுக்க அவர் காதில் பேசிக்கொண்டே வருவாள், அவர் "சும்மா இரேன்" என்று அதட்டிக்கொண்டே இருப்பார். அவள் போன பிறகு அந்த நாற்காலிப் பக்கம் போக மனம் வரவில்லை. யார்க்டனுக்கு ஓட ஆரம்பித்ததற்கு அதுதான் நிஜக் காரணம். முதல் ஆளாகத் தீர்ப்பு சொல்லும் ஆசையெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டது.

டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் டாரியா உட்கார்ந்திருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் ஒரு நொடி அவள் கை டிக்கெட் சுருளின் மேல் நின்றது. பிறகு முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"எத்தனை?"

அந்த ஜன்னலில் அவர் 'ஒண்ணு' என்று சொன்னதே கிடையாது.

"ஒண்ணு," என்றார்.

அவள் கிழித்துக் கொடுத்தாள். அவர் கையைப் பார்த்தாளே தவிர, முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே நூற்றெண்பது நாற்காலியில் அங்கங்கே சில தலைகள். கமிட்டித் தலைவர் மெர்வின் பின்னால் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். காபி மேசையில் ஓரெஸ்டின் பக்கத்து நாற்காலிக்காரர்.

"அட, நீயா? நீதானே வராதீங்கன்னு சொன்னே?"

"எத்தனை பேர்?" என்றார் ஓரெஸ்ட்.

"உன்னையும் சேர்த்து இருபத்தி மூணு." மெர்வின் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்குப்பா. ஆனா கமிட்டி முடிவு கமிட்டி முடிவுதான். போய் விற்பனைத் தாள்ல கையெழுத்தைப் போட்டு அனுப்பிடறேன்."

"படம் பாக்கலையா?"

"நீதான் பார்த்துட்டுச் சொல்லிட்டியே!" மெர்வின் சிரித்துக்கொண்டே கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

ஓரெஸ்ட் நாலாவது வரிசையில், ஓரத்திலிருந்து இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். ஓரத்து நாற்காலியில் தன் கோட்டை மடித்து வைத்தார்.

படம் அதே படம்தான். அதே மெதுவான நடை. ஆனால் இந்தத் தடவை அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. யார்க்டனில் எரிச்சலோடு பார்த்த காட்சிகளில்கூட, அந்தத் தேனீக்காரி பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அதனோடு பேசுகிறாள் என்பது இப்போதுதான் காதில் விழுந்தது. கடைசியில் அவள் பெட்டிகளை விற்றாள். கேட்டைப் பூட்டினாள். யார்க்டனில் அவர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்த இடம் இதுதான்.

பழக்க தோஷத்தில் முழங்கால் எழப் பார்த்தது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

தேனீக்காரி கடைசி இரண்டு பீப்பாய்த் தேனை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். மண் சாலை, கடுகு வயல், ரயில் பாதை. அதை ஒட்டி, காலை வெயிலில் ஒரு மரத் தானியக் கோபுரம். உச்சியில் வெளுத்துப்போன எழுத்தில் டோலினா.

ஓரெஸ்ட் முன்வரிசை நாற்காலியைப் பற்றிக்கொண்டு முன்னால் குனிந்தார்.

முப்பத்தொரு வருஷம் அவர் தானியம் வாங்கும் ஏஜெண்டாக இருந்த கோபுரம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே காலையில் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். கோபுரத்தைப் படமெடுக்க ஒவ்வொரு கோடையிலும் எவனாவது காமிராவைத் தூக்கிக்கொண்டு வருவான். ஊரில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆணும் பெண்ணுமாக இரண்டு இளவட்டங்கள் காமிராவோடு வந்து இரண்டு நாள் சுற்றியது இப்போது மங்கலாக ஞாபகம் வந்தது. "ஓரமாப் போய் எடுங்க, லாரி வரும்," என்று விரட்டியதும் ஞாபகம் வந்தது.

திரையில் கோபுரத்தின் பெரிய கதவு திறந்திருந்தது. தொப்பி போட்ட ஓர் ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு தரையைக் கூட்டிக்கொண்டிருந்தான். அந்த முதுகு யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

அப்போது இடது பக்கத்திலிருந்து ஸ்டெஃபா நடந்து வந்தாள்.

பச்சை முக்காடு. ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, இன்னொரு கையில் பிளாஸ்க். எப்போதும்போல் கொஞ்சம் சாய்ந்த நடை. தேனீக்காரியின் வண்டியைப் பார்த்துக் கையாட்டினாள். பிறகு கதவருகே போய், கூட்டுகிற ஆளிடம் என்னவோ சொன்னாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வெயில் முகத்தில் விழுந்தது.

அந்த ஆள் திரும்பவில்லை. கூட்டிக்கொண்டே இருந்தான்.

'திரும்பிப் பாருடா,' என்று கத்த வேண்டும்போல் இருந்தது ஓரெஸ்டுக்கு. 'துடைப்பத்தைப் போட்டுட்டுத் திரும்பிப் பாருடா முட்டாளே.'

ஸ்டெஃபா ஒரு கணம் நின்றாள். டப்பாவைக் கதவோரம் வைத்தாள். வந்த வழியே போனாள். எல்லாம் சேர்த்துப் பதினைந்து நொடிகூட இருக்காது. வண்டி கோபுரத்தைத் தாண்டியது, சாலை நீண்டது, பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

பின்னால் யாரோ ஒரு பெண், "அது நம்ம ஸ்டெஃபா இல்லே? கடவுளே, ஸ்டெஃபாதானே?" என்றாள். இன்னொருத்தி மூக்கைச் சிந்தினாள். வெளியே போகும்போது ஒவ்வொருவரும் நாலாவது வரிசையருகே தயங்கி நின்று, பிறகு நடந்தார்கள்.

* * *

கூடத்தில் யாருமில்லை என்றான பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. டாரியா துடைப்பமும் முறமுமாக வந்து, சிந்திய சோளப்பொரியை முதல் வரிசையிலிருந்து கூட்ட ஆரம்பித்தாள். நாலாவது வரிசைக்கு வந்ததும் நின்றாள்.

"காலைத் தூக்கு."

அவர் தூக்கவில்லை. "டாரியா, நான் பாக்கலை."

"என்ன பாக்கலை?"

"முடிவை. யார்க்டன்ல. இருட்டறதுக்கு முன்னால வீட்டுக்கு வரணும்னு எழுந்து வந்துட்டேன். எனக்கு ராத்திரியில கண்ணு தெரியறதில்லை. இந்த ஒரு படம் இல்லை. ஒன்பது படத்துக்கும் முடிவைப் பார்க்காமத்தான் பேசினேன்."

டாரியா முறத்தை நாற்காலிமேல் வைத்தாள். அவள் முகத்தில் முதலில் கோபம் வரவில்லை. என்ன கேட்டோம் என்றே புரியாதவள்போல் நின்றாள்.

"அப்போ... ஸ்டெஃபாவைப் பார்த்துட்டு நீ அப்படிச் சொல்லலையா?"

"அவளைப் பார்த்துட்டு நான் அப்படிச் சொல்வேனா?"

"நீ சொன்னேன்னுதானே மெர்வின் வந்து சொன்னான்! 'முடிவுல ஒண்ணுமே இல்லைங்கறான் உங்க அண்ணன்'னு." அவள் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நீ பார்த்திருக்கே. தாங்க முடியலை. அதான் யாரும் அதைப் பார்க்க வேண்டாம்னு நீ அப்படி ஒரேயடியா சொல்லிட்டேன்னு நினைச்சேன். நம்ம கோபுரம் வருது, நம்ம ஸ்டெஃபா வராங்கன்னு வாசல்ல ஒரு தாள் ஒட்டியிருந்தா இந்த ஊரே வந்திருக்கும். நாற்காலி பத்தாம நின்னிருப்பாங்க. கலினா ஒட்டறேன்னு ஒத்தைக் கால்ல நின்னா. நான்தான் விடலை."

"ஏன் விடலை?"

"உன் துக்கத்தை வச்சு டிக்கெட் விக்க எனக்கு மனசு வரலைண்ணா!"

ஓரெஸ்ட் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகை சத்தமில்லாமல்தான் வந்தது. டாரியா பக்கத்தில் உட்காரவில்லை, தோளைத் தொடவுமில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தை ஒரு மனுஷன் காபி குடித்துக்கொண்டே கவிழ்த்துவிட்டான். அதற்கு உடனே ஆறுதல் கிடைக்கும் என்று நினைப்பதே அதிகம்.

"இப்போ ஓடிப்போய் மெர்வின்கிட்ட சொல்றேன்," என்று எழுந்தார்.

"அரைமணி நேரத்துக்கு முன்னாலயே ஃபோன் பண்ணிட்டான். கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சாம்." அவள் மறுபடி கூட்ட ஆரம்பித்தாள். "கட்டடம் போனது போனதுதான். நீ அழுதாலும் போச்சு, நான் அழுதாலும் போச்சு."

மேலே புரொஜெக்டர் அறையிலிருந்து கலினா எட்டிப் பார்த்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ!

"அம்மா, படக் கம்பெனி கொடுத்த அனுமதி நாளைக்குக் காலையில பத்து மணி வரைக்கும் இருக்கு. அதுக்குள்ள ஆரம்பிச்சா இன்னும் ஒரு தடவை ஓட்டலாம். அதுக்கப்புறம் படம் தானாப் பூட்டிக்கும்."

"யாருக்கு ஓட்டறது? திங்கட்கிழமை காலையில எவன் சினிமாவுக்கு வருவான்?"

ஓரெஸ்ட் நிமிர்ந்தார். "காபி மேசைக்கு வர்றவன் வருவான்."

"நாப்பது வருஷமா ஒன்பதரைன்னா ஒன்பதரைக்கு அந்த நாற்காலியில உட்கார்றவங்க. இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டாங்க," என்றாள் டாரியா.

"கட்டடத்தைக் காப்பாத்த இல்லை, டாரியா. அவங்க ஒரு தடவை பார்க்கட்டும். நான் கெடுத்ததை அவங்க பார்க்கட்டும்."

டாரியா துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள். பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி, ஓரத்து நாற்காலியில் மடித்திருந்த அவருடைய கோட்டின்மேல் வைத்தாள்.

"நீயே திற. நான் வர்றதா இல்லை. முகப்புல இருக்கிற எழுத்தையும் நீயே ஏறி மாத்து. அங்க என்ன எழுதணும்னு எனக்குத் தெரியலை."

* * *

ஐந்து மணிக்கு ஏணி வந்தது. கலினா கீழே பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. ஓரெஸ்டுக்கு எழுத்துகள் ஒன்றோடொன்று கலங்கித்தான் தெரிந்தன. ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்து மாட்டினார். கையுறையோடு முடியவில்லை, கழற்றினால் விரல் விறைத்தது. பாதி வேலையில் கலினா, "நான் ஏறட்டுமா மாமா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டி மறுத்துவிட்டார்.

'நாளை காலை 9 மணி. அனுமதி இலவசம். முடிவை நான் பார்க்காமல் சொன்னேன். ஓரெஸ்ட்.'

கடைசி எழுத்தை மாட்டும்போது தெருவில் ஒரு வண்டி வேகம் குறைத்தது. மெர்வினின் வண்டி. கண்ணாடி இறங்கியது. மெர்வின் பலகையை ஒருமுறை வாசித்தார். நம்பிக்கை வராமல் இன்னொரு முறை வாசித்தார். ஏணிமேல் நிற்கிறவரைப் பார்த்து, எப்போதும் கேட்கிற கேள்வியையே கேட்டார்.

"என்னப்பா ஓரெஸ்ட், இந்தத் தடவை எத்தனை தடவை எழுந்தே?"

ஓரெஸ்ட் விரலைக் காட்டவில்லை. இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எழுந்திருக்கவே முடியலை, மெர்வின்," என்றார். "உள்ள ஸ்டெஃபா இருக்கா."

மெர்வின் எஞ்சினை அணைத்தார். அந்த அமைதியில், மூடியிருந்த டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் டாரியா விளக்கைப் போடாமல் நின்றுகொண்டிருப்பதைக் கலினா மட்டும்தான் பார்த்தாள்.